தனுஷ்கோடிக்குப் பன்னிரண்டு சாக்கு

தனுஷ்கோடியைச் சக்கர நாற்காலியில் போய்ப் பார்க்க முடியுமா? முடியும், எழுபது அடி நீங்கலாக. காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரான புதுவயலிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் தார்ச்சாலையில் சுகமாகப் போய் இறங்கிய பிறகு, சாலைக்கும் இடிந்த தேவாலயத்துக்கும் நடுவே கிடக்கும் எழுபது அடி மணல் அது. நாங்கள் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து நாடா வைத்து அளந்த கணக்கு.

அளந்தானாம் என்று சிரிக்க வேண்டாம். அரிசி ஆலையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். சர்க்கரை வியாதி இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது காலை முட்டிக்கு மேல் வரை வாங்கிக்கொண்டது. வலது கால் இருக்கிறது, ஆனால் நம்ப முடியாது. நாற்காலி வந்த பிறகு அளக்கும் பழக்கம் முற்றிப்போய், எங்கே போனாலும் மடியில் நாடா இருக்கிறது. என் நாற்காலியின் வெளி அகலம் 26 அங்குலம். எடை 18 கிலோ. பின்சக்கரம் 24 அங்குலம், முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் 7 அங்குலம். என் எடை 74 கிலோ, அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் ஒரு கிலோ குறைய மூன்று. நான் சொல்லப் போவதற்கெல்லாம் இந்த எண்கள் வேண்டும்.

எதற்கு தனுஷ்கோடி என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, கொழும்புச் செட்டியார் தெருவில் ஓர் அடகுக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வருவார். கொஞ்ச மாதம் இருந்துவிட்டு மறுபடி போட்மெயில். மண்டபம் முகாமில் சோதனை, தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல், அந்தப் பக்கம் தலைமன்னாரில் ஏறி மறுபடி ரயில். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலோனுக்குப் போகும் பாதை. இர்வின், கோஷன் என்று கப்பல்களின் பெயரை அப்பச்சி ஏதோ பங்காளிகள் பெயர் மாதிரி சொல்லுவார். 1964இல் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்த டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஊரைத் தொடப்போகும் நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு மனிதர் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. எனக்கு அப்போது ஒரு வயது.

1998இல் ஒரு தடவை போயிருக்கிறேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்குமேல் வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலுமாகக் குலுக்கி எடுத்துக்கொண்டு போய் விடுவார்கள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம். 2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலையைத் திறந்தார்கள். காலிருந்தபோது சாலை இல்லை. சாலை வந்ததும் கால் போய்விட்டது. என் கணக்கு எப்போதுமே இப்படித்தான், கடைசி வரியில் இடிக்கும்.

போன தை மாதம் கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரி, வண்டி ஓட்டத் தங்கச்சி மகன். ஆலையில் பழைய முதலாளி வீட்டுப் பையனிடம் சொல்லிப் பன்னிரண்டு சணல் சாக்கு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். "அம்மான், கோயிலுக்குப் போறமா, நெல்லுப் பிடிக்கப் போறமா?" என்றான் பையன். மணலுக்குத்தான் என்றேன். அவனுக்கு நம்பிக்கை இல்லை. எனக்குமே பாதிதான் இருந்தது.

வெளியே போவதை எழுதுவதற்கு முன்னால் வீட்டைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. செட்டிநாட்டு வீடு சக்கர நாற்காலிக்குப் பாதி சொர்க்கம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு தள்ளுக்கு ஐந்தடி போகும். ஆனால் முகப்பிலிருந்து வளவு என்கிற நடுமுற்றத்துக்கு ஒரு நிலைப்படி, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றும் நாலு அங்குலம். தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. வெள்ளம் வந்தாலும் உள்ளே வரக்கூடாது என்று உயர்த்திக் கட்டினார்கள் என்பார்கள். வெள்ளம் வரவில்லை, நான்தான் உள்ளே மாட்டிக்கொண்டேன். சறுக்கு போடுவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். நாலு அங்குல நிலைக்கு நாலடிப் பலகை. எங்கள் ஆசாரி உடைந்த பழைய தேக்குக் கதவு ஒன்றை அறுத்து இரண்டு பக்கமும் போட்டுக் கொடுத்தார். அவருக்குச் சூத்திரமெல்லாம் தெரியாது. என்னை உட்காரவைத்துத் தள்ளிப் பார்த்து, என் கை நடுங்காத சாய்வில் நிறுத்தினார். அளந்தால் சரியாக நாலடி.

தேவகோட்டை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று போகிற சாலை நன்றாக இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ராமேஸ்வரத்தில் தங்கிய விடுதியைப் பற்றிச் சொல்லலாம். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். தொலைபேசியில் மூன்று தடவை கேட்டேன், வாசலில் படி இருக்கிறதா என்று. "படியெல்லாம் இல்லை சார்" என்றார்கள். போய் இறங்கினால் இரண்டு படி. என்னப்பா என்றால், "ரெண்டே ரெண்டுதானே சார்!" அவர்கள் பொய் சொல்லவில்லை. காலில் நடக்கிறவர் கண்ணுக்கு இரண்டு படி தெரியவே தெரியாது. நானும் அறுபது வருடம் எத்தனையோ பேரிடம் இதே பதிலைச் சொல்லியிருப்பேன். ஆகவே முன்பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். "வாசலைப் படம் பிடித்து அனுப்புங்கள், குளியலறைக் கதவைப் படம் பிடித்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். குளியலறைக் கதவு 24 அங்குலம். என் நாற்காலி 26. இரண்டு அங்குலத்துக்காக நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலிலிருந்து கம்மோடு என்று இரண்டு தாவல். ஈரத் தரையில் பிளாஸ்டிக் ஸ்டூல் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வரும் வழியில் பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லாரும் போல நாங்களும் வண்டியை மெதுவாக்கினோம். பக்கத்தில் பழைய ரயில் பாலம், அதன் அருகே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்குப் பாலம் அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். 1964 புயலுக்குப் பிறகு பழைய பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. கப்பலுக்காக ஒரு பாலமே எழுந்து வழிவிடுகிற ஊரில், எனக்காக ஒரு படி உட்கார மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு வெளியே பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். வெயிலுக்கு முன்னால் போவது எல்லாருக்கும் நல்லது, நாற்காலிக்காரருக்குக் கட்டாயம். ஒன்பது மணிக்கு மேல் கைப்பிடி வளையத்தைத் தொட முடியாது, சுடும். மாலையானால் காவலர்கள் எல்லாரையும் திரும்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால் சாயங்காலக் குளிர்ச்சிக்குக் காத்திருக்கவும் முடியாது. இன்னொன்றும் உண்டு, வெட்கப்படாமல் சொல்கிறேன். முந்தின இரவு எட்டு மணியிலிருந்து நான் குடித்தது அரை டம்ளர் தண்ணீர். நாற்காலி நுழைகிற கழிவறை எங்கே வரும் என்று தெரியாத பயணத்தில் நாங்கள் எல்லாரும் செய்வது இது. வீட்டுக்காரி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையையும் தொடவில்லை. புளி தாகம் எடுக்கும். சர்க்கரைக்காரன் செய்யக்கூடாத காரியம்தான். மருத்துவர் யாராவது இதைப் படித்தால் என்னைத் திட்டிக்கொள்ளட்டும், அப்படியே வழியில் பார்த்த கழிவறைக்கு ஏறுவதற்கு எதற்கு ஒரு முழ உயரம் வைத்தார்கள் என்றும் கேட்டுச் சொல்லட்டும்.

சாலை இருக்கிறதே, அதற்கு ஐந்துக்கு ஐந்து. இரண்டு பக்கமும் கடல், நடுவே கோடு கிழித்தது போல. இடது பக்கம் வங்காள விரிகுடா, பெண்கடல் என்பார்கள், அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. வலது பக்கம் ஆண்கடல், சும்மா இருக்கத் தெரியாதது. உப்புத் தண்ணீர் தேங்கிய இடத்தில் பூநாரைகள் நின்றன. பையன் கண்ணாடியை இறக்கிவிட்டான். இந்த ஒன்பதரைக் கிலோமீட்டரில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. வண்டிக்குள் இருக்கிற எல்லாருமே உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

இறங்கும் இடத்தில்தான் வித்தியாசம் ஆரம்பிக்கிறது. சாலையோரம் வண்டி நிறுத்தினால் ஓரம் சரிவாக இருக்கிறது. நாற்காலியை விரித்துப் பிரேக் போட்டும் ஒரு பக்கமாக இழுத்தது. மேட்டுப் பக்கம் நாற்காலி வருகிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். இதைப் பழகிக்கொள்ளுங்கள். காரிலிருந்து நாற்காலிக்கு இறங்குவது சமத்தில் நடக்க வேண்டும், முடியாவிட்டால் நாற்காலி காரின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வெளிப்பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது.

அப்புறம் அந்த எழுபது அடி. தேவாலயம் கண்ணெதிரே நிற்கிறது. கூரை கிடையாது, சுவர்தான். வழியில் சங்கு, சிப்பி மாலை விற்கிற கடைகள். மணல் காய்ந்த ரவை மாதிரி. முன்சக்கரம் ஏழு அங்குலம் என்றேனே, அது மணலில் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டு புதைந்தது. பின்னாலிருந்து தள்ளத் தள்ள நான் முன்னால் கவிழப் பார்த்தேன். மணலில் நாற்காலியை ஒருபோதும் முன்பக்கமாகத் தள்ளக் கூடாது. திருப்பிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். பெரிய சக்கரம் முதலில் போகும், சின்னச் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாற்போல் சாய்த்துக்கொள்ளலாம். இது எனக்கு முன்னமே தெரிந்திருந்தும் முதலில் முன்பக்கமாகத்தான் போனேன். போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை, வேறென்ன.

நாலு இளவட்டங்கள் ஓடி வந்தார்கள். மதுரைப் பக்கத்துப் பையன்கள். "ஐயா, நாற்காலியோட அலாக்காத் தூக்கிருவோம், ரெண்டு நிமிசம்." நல்ல பிள்ளைகள், மனதார வந்தவர்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்குக் கூச்சம். ஆனால் வேண்டாம் என்றேன். ஆலையில் மூட்டை ஏற்றுவதை 31 வருடம் எண்ணியிருக்கிறேன். லாரியில் ஏறுகிற மூட்டையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு வருடத்தில் என்னைத் தூக்காத ஆள் இல்லை. கல்யாண மண்டபத்தில், வங்கி வாசலில், கோயில் படியில், எல்லா இடத்திலும் நாலு கை வருகிறது. கை வரும் ஊரில் இருப்பது பாக்கியம்தான். ஆனால் தூக்குவதற்கு ஆள் இருப்பதால்தான் யாரும் பலகை போடுவதில்லை என்றும் எனக்கு ஒரு சந்தேகம். தவிர, அவர்கள் பிடித்தது கைத்தாங்கியை. பல நாற்காலிகளில் கைத்தாங்கி கழற்றி மாட்டுவது. தூக்கினால் அது கையோடு வரும், ஆள் கீழே போவான். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு பையன், "ஸாரிங்கய்யா" என்று கையை எடுத்துக்கொண்டான். பாவமாகப் போயிற்று. "தூக்க வேண்டாம் தம்பி, சாக்கு விரிங்க" என்றேன்.

ஒரு சாக்கை அகலவாட்டில் போட்டால் மூன்றடிச் சொச்சம், என் 26 அங்குலத்துக்குத் தாராளம். நீளத்தில் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. பன்னிரண்டும் போட்டால் 22 அடி வரும். கடந்த சாக்கை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும், எழுபது அடிக்கு மூன்று சுற்றுக்கு மேல். காய்ந்த சாக்கு காற்றில் பறந்தது. கடைக்கார அம்மா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு குடம் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து சாக்கின்மேல் தெளித்தார். "நனைச்சாத்தான் மண்ணோட ஒட்டும்" என்றார். நனைந்த பிறகு மணலும் இறுகியது, சாக்கும் நகரவில்லை. இந்த அறிவை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.

தங்கச்சி மகன் பின்னால் இழுக்க, இரண்டு பையன்கள் சாக்கு மாற்ற, நான் சக்கரத்தைத் தள்ளிக்கொடுக்க, ஐம்பது அடி போனோம். கடைசியில் ஒரு மேடு. அங்கே சாக்கு சறுக்கியது. அந்த இருபது அடிக்கு இன்னும் ஒரு பையன் இழுக்கக் கை கொடுத்தான். இழுக்கத்தான், தூக்க இல்லை. ஆகமொத்தம் 25 நிமிடம். காலுள்ளவருக்கு அரை நிமிடம்.

இதில் ஒரு வேடிக்கை. பின்பக்கமாக இழுத்துப் போவதால், தேவாலயத்துக்குள் நுழையும்போது நான் பார்த்தது தேவாலயத்தை இல்லை. சாலையை. எங்கள் காரை. காரின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையை. வீட்டுக்காரி கூடவே நடந்து வந்தவள், குடை காற்றில் மடங்கிப்போன எரிச்சலிலும் சிரித்துவிட்டாள். "அப்பச்சி எறங்கின ஊருக்குள்ளே புறங்காட்டிக்கிட்டுப் போறீக."

உள்ளே திருப்பி நிறுத்தியதும் பேச்சு வரவில்லை. பீடம் இருந்த சுவர், அதற்கு மேலே வானம், தரை முழுக்க மணல். நின்று பார்க்கிறவர்கள் எல்லாரும் மேலே பார்த்துப் படம் எடுத்தார்கள். என் கண் உயரம் தரையிலிருந்து நாலடி. அந்த உயரத்தில் சுவரின் கல்லைப் பார்த்தேன், பவளப் பாறைக் கல். ஒவ்வொன்றிலும் பூப்பூவாகத் துளை, தேன்கூடு மாதிரி ஒன்று, மடிப்பு மடிப்பாக ஒன்று. கடலுக்குள் உயிரோடு இருந்ததை வெட்டி எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். 1998இல் இதே சுவரோரம் நின்றிருக்கிறேன். இந்தக் கல்லை அப்போது பார்த்த ஞாபகமே இல்லை. கையை வைத்தேன். சொரசொரவென்று, இன்னும் ஈரமாக இருந்தது.

எனக்கு வேண்டியது ரயில் நிலையம். அது சற்றுத் தள்ளி, மிச்சச் சுவரும் தண்ணீர்த் தொட்டியுமாக நிற்கிறது. அங்கே போக இன்னும் எத்தனை சாக்குச் சுற்று என்று மனதில் போட்டுப் பார்த்தேன், கணக்கு ஒத்துவரவில்லை. பையன்களும் வேர்த்து நின்றார்கள். தங்கச்சி மகன் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். "அம்மான், தெரியுதா? இதுதான் ஸ்டேசன். இந்தச் சுவரைப் பாருங்க." எனக்கு நேர் எதிரே வெறுங்கண்ணுக்கு அவன் தெரிகிறான், நான் கையிலிருந்த சதுரத்தில் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. தெரியுது தம்பி, தெரியுது என்றேன்.

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த அம்மா ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "குடிங்கய்யா, ஊத்துத் தண்ணி." இரண்டு கடலுக்கு நடுவே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற ஊர் அது. ஒரு மடக்குத்தான் குடிப்பது என்று வாங்கினேன். செம்பு காலி. அதற்கான பலனை ராமேஸ்வரம் திரும்புகிற வரை அனுபவித்தேன், அது வேறு விஷயம்.

அரிச்சல்முனைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சாலை அங்கே வட்டமாக முடிகிறது, நடுவே அசோகத் தூண். வட்டத்தைச் சுற்றி வரத் தார் இருக்கிறது, யார் உதவியும் இல்லாமல் நானே மூன்று சுற்று வந்தேன். அந்த மூன்று சுற்றுக்கும் இந்தப் பயணத்தில் தனி மதிப்பு. ஆனால் கூட்டம் கடல் பக்கம் வரிசையாக நின்றுவிட்டால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது முதுகுகள்தான். விதவிதமான சட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். காற்று நாற்காலியைத் தானாகவே நகர்த்துகிறது. இரண்டு பக்கப் பிரேக்கும் போடாமல் கையை எடுக்காதீர்கள். அதற்குமேல் கடலோரம் இறங்க எனக்கு வழி இல்லை, முயலவும் இல்லை.

திரும்பி வந்து இரண்டாம் நாள் நாற்காலி கறகறவென்று முனக ஆரம்பித்தது. உப்பும் மணலும் பேரிங்குக்குள் போய்விட்டன. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துக் கொடுத்தார். 150 ரூபாய். கடற்கரை போய் வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்திருந்தால் இந்தச் செலவு இல்லை என்று ஒரு பாட்டும் விட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தேவாலயம் வரை சிமெண்ட் பாதை போடச் சொல்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அதற்கு எதிரி. சிமெண்ட் போட்டால் அடுத்த மாதம் அதன்மேல் ஆட்டோ நிற்கும், அதற்கடுத்த மாதம் கடை வரும். கடலும் விடாது. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று மணலின்மேல் மரப்பாதை போட்டுத் திறந்தார்கள். என் மகள் அங்கிருந்து படம் அனுப்பியபோது, நாற்காலிக்காரர்கள் அலையருகே இருப்பதைப் பார்த்து நான் அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி சரிசெய்தார்கள். மெரினாவுக்கே அந்தக் கதி என்றால், ஒரு ஊரையே விழுங்கிய கடலோரத்தில் நிலையான பாதை நிற்காது. எனக்குத் தோன்றுவது சுருட்டி எடுக்கிற பாய். தென்னங்கயிற்றில் நெய்தது போதும், நாலடி அகலம், எழுபது அடி நீளம். காலையில் விரி, மாலையில் சுருட்டு. புயல் எச்சரிக்கை வந்தால் எடுத்துக் கடைக்குள் போடு. பலூன் மாதிரிச் சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலி ஒன்று இருந்தால் ரயில் நிலையம் வரைக்கும்கூடப் போகலாம். கழிவறைக்கு ஒரு கதவை மட்டும் 36 அங்குலமாக வைத்தால் போதும், நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

பாய் வருகிறவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கொண்டுபோன பன்னிரண்டில் இரண்டு சாக்கு மேட்டில் கிழிந்துவிட்டது. மீதிப் பத்தையும் அந்தக் கடைக்கார அம்மாவிடமே விட்டு வந்தேன். தேவாலயத்துக்குப் போகிற வழியில் இருக்கிற சங்குக் கடைகளில், நீலத் தார்ப்பாய் போட்ட கடை. நாற்காலியில் யாராவது வந்தால் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்க மாட்டார், ஒரு சிப்பி மாலை வாங்குங்கள். விரிப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது மணலை உதறி, பத்து இருக்கிறதா என்று எண்ணிக் கொடுங்கள்.